பயணத்துக்கு மடக்கு ஸ்ட்ரோலர்: இரண்டு முறை தவறாக வாங்கியவளின் வழிகாட்டி

விமானத்தின் கதவுக்குப் பத்தடி முன்னால் நிற்கிறேன். இடது இடுப்பில் ஒன்றரை வயது மகள், தோளில் டயப்பர் பை, பல்லுக்கு நடுவில் போர்டிங் பாஸ். வலது கையால் ஸ்ட்ரோலரின், அதாவது குழந்தைத் தள்ளுவண்டியின், பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன், மடிய மாட்டேன் என்கிறது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பெரியவனின் கையை விடாமல் கணவர், "அடியில எதையாவது வச்சிருக்கியா பாரு" என்கிறார். குனிந்து பார்த்தால், இருக்கைக்குக் கீழே மடிப்பு மூட்டில் மகளின் காலுறை ஒன்று சுருண்டு மாட்டியிருக்கிறது. அதை உருவியதும் வண்டி படக்கென்று மடிந்தது.

கடையில் இதே வண்டியை விற்பனையாளர் ஒரே கையால், ஒரே நொடியில் மடித்துக் காட்டியிருந்தார். அவர் இடுப்பில் குழந்தை இல்லை என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இது நான் வாங்கிய இரண்டாவது வண்டி. முதல் வண்டியின் கதை இன்னும் மோசம், கீழே வருகிறது. மூன்றாவதைத்தான் ஒழுங்காக வாங்கினேன். நீங்கள் முதல் முறையே ஒழுங்காக வாங்க வேண்டும் என்பதற்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வண்டியைப் பார்க்கும் முன் பயணத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஒவ்வொரு கட்டத்தையும் எழுதுங்கள். எத்தனை விமானம்? நடுவில் மாற வேண்டுமா? ரயில், பேருந்து உண்டா? தங்கும் இடத்தில் லிஃப்ட் உண்டா, இல்லை மூன்று மாடி ஏற வேண்டுமா? போகும் ஊரில் நடைபாதை வழவழப்பா, கல் பதித்த தெருவா, மணலா?

பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பாதிப் பணத்தை இதுதான் மிச்சம் பிடிக்கும். காரில் மட்டும் போகிறவருக்குக் கேபினுக்குள் போகும் வண்டி தேவையே இல்லை. கார் டிக்கியை அளந்துகொண்டு, சக்கரம் பெரிதாக உள்ள வண்டியை வாங்கலாம். கல் பதித்த தெருக்கள்தான் பயணத்தின் பெரும்பகுதி என்றால், உள்ளங்கை அகலச் சக்கரத்தோடு போய் மல்லுக்கட்டக் கூடாது. வழியெல்லாம் படிக்கட்டு என்றால் ஸ்ட்ரோலரே வேண்டாம், குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கேரியர் போதும். கைக்குழந்தையாக இருந்தால் கேரியரை எப்படியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது 7-ஆம் படியில் புரியும்.

எழுதிய தாளில் மிக மோசமான கட்டம் எது என்று ஒரு வட்டம் போடுங்கள். எங்களுக்கு அது நடுவில் விமானம் மாறும் இடம். உங்களுக்கு ரயில் படியாக இருக்கலாம். வண்டியை அந்தக் கட்டத்துக்காகத் தேர்ந்தெடுங்கள், பூங்காவில் உலாவுவதற்காக அல்ல. பூங்காவில் எந்த வண்டியும் ஓடும்.

2. குழந்தையின் வயது, எடை, உயரம்

இன்றைய வயதை எடுக்காதீர்கள், பயண நாளில் என்ன வயதாகும் என்று கணக்குப் போடுங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிர்ந்த இருக்கை ஆகாது. தலையும் முதுகும் நிற்காது, தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குச் சிரமம். இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தர விதிப்படி, பிறந்த நாளிலிருந்து பயன்படுத்தலாம் என்று சொல்லும் வண்டியில், இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே குறைந்தது 150 பாகைக் கோணம் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட படுத்த நிலை. சின்னதாக மடியும் வண்டிகளில் பல இந்த அளவுக்குச் சாயாது. சிலவற்றில் பிறந்த குழந்தைக்கான படுக்கையைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், அது வண்டியைப் போல் சின்னதாக மடியவும் செய்யாது. "முழுசாச் சாயும்" என்று விளம்பரத்தில் பார்த்தால் நம்பிவிடாமல், கையேட்டில் எத்தனை மாதத்திலிருந்து என்று தேடுங்கள்.

அடுத்து எடை. பல வண்டிகள் 15 கிலோ வரை, சில 22 கிலோ வரை தாங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடுத்தர எடை இரண்டு வயதில் சுமார் 12.2 கிலோ, மூன்று வயதில் 14.3, நான்கு வயதில் 16.3. பெண் குழந்தைக்குச் சற்றுக் குறைவு. அதாவது 15 கிலோ வண்டி மூன்று, மூன்றரை வயதில் முடிந்துவிடும். உங்கள் பிள்ளை கொஞ்சம் புஷ்டி என்றால் அதற்கும் முன்பே. இரண்டரை வயதுக் குழந்தைக்கு 15 கிலோ வண்டி வாங்குவது ஒரு பயணத்துக்கு வாங்குவதுதான்.

எடையைவிட என்னை ஏமாற்றியது முதுகின் நீளம். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து, தரையிலிருந்து தலை உச்சி வரை அளந்துகொள்ளுங்கள். கடையில் இருக்கையிலிருந்து மேற்கூரை வரை அளந்து பாருங்கள். எங்கள் முதல் வண்டியில் எடைக்கு இன்னும் இடம் இருந்தது, ஆனால் மகனின் தலை கூரையில் இடித்துக்கொண்டே வந்தது. கூரையைப் பின்னால் தள்ளினால் வெயில் நேராக முகத்தில்.

இரண்டு குழந்தைகள் என்றால்: பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரட்டை வண்டி வீட்டுப் பக்கத்துக்கு நல்லது, விமானத்துக்குத் தொல்லை. குறுகலான கதவிலும் லிஃப்டிலும் நின்று யோசிக்க வைக்கும். பெரியவன் கொஞ்சம் நடப்பான் என்றால் சின்னதற்கு ஒரு வண்டி, பெரியவன் ஏறி நிற்கப் பின்னால் மாட்டும் சக்கரப் பலகை ஒன்று. இரட்டைக் குழந்தைகளுக்கு இரண்டு தனி வண்டிகளே மேல். ஆளுக்கொன்றைத் தள்ளலாம், ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும்.

3. மடித்த அளவு: மூன்று எண்களும் முக்கியம்

இனி முதல் வண்டியின் கதை. பெட்டியின் மேல் பெரிதாகக் "கேபின் அளவு" என்று போட்டிருந்தது. போர்டிங் வாசலில் ஓர் ஊழியர் இரும்புச் சட்டத்தைக் காட்டி உள்ளே வைக்கச் சொன்னார். நீளம் போனது, கனம் போனது, அகலம் நான்கு செ.மீ. இடித்தது. "சக்கரத்தையும் சேர்த்துத்தான் அளவு மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தினம் இருபது பேருக்குச் சொல்லும் குரல் அது. வண்டி சரக்கறைக்குப் போனது. நடுவில் விமானம் மாறும் இடத்தில் கைக்கு வரவில்லை. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தேன்.

என்ன நடந்தது என்றால், "கேபின் அளவு" என்பது வண்டி செய்தவரின் சொல். விமான நிறுவனம் கொடுத்த வாக்கு அல்ல. ஐ.ஏ.டி.ஏ. என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் கைப்பைக்குப் பொது வழிகாட்டியாகச் சொல்வது 56 x 45 x 25 செ.மீ., சக்கரமும் பிடியும் சேர்த்து. வண்டி தயாரிப்பாளர்கள் பலரும் இதைத்தான் குறிவைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். 55 x 40 x 20 என்று கறாராக இருப்பவர்களும் உண்டு.

பேபிசென் யோயோ என்ற பிரபலமான வண்டியை எடுத்துக்கொள்வோம். மடித்தால் 52 x 44 x 18 செ.மீ. முதல் அளவுக்குள் கச்சிதமாகப் போகும். இரண்டாவது அளவில் அந்த 44 இடிக்கும். ஒரே வண்டி ஒரு விமானத்தில் கேபினுக்குள்ளும் இன்னொன்றில் சரக்கறைக்கும் போவது இதனால்தான். வண்டியின் மூன்று எண்களையும், நீங்கள் ஏறும் ஒவ்வொரு நிறுவனத்தின் மூன்று எண்களையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது வேறு என்றால் கறாரான அளவைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னும் சின்னதும் உண்டு. 2014-இல் உலகிலேயே மிகச் சின்னதாக மடியும் ஸ்ட்ரோலர் என்று கின்னஸ் சாதனை பெற்ற ஜி.பி. பாக்கிட் மடித்தால் 30 x 18 x 35 செ.மீ.தான், எடை 4.3 கிலோ. முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆனால் இவ்வளவு சுருங்கும் வண்டிகளில் சாய்மானம் குறைவாக இருக்கும், சக்கரம் பொடிசாக இருக்கும், மடிப்பதும் ஓர் அசைவில் முடியாது. தூங்காத குழந்தைக்குச் சரி. அப்படி ஒரு குழந்தையை நான் இன்னும் பார்த்ததில்லை.

குடை போல நீளமாக மடியும் வண்டிகள் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் மடித்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். கேபின் என்ற பேச்சே கிடையாது, வாசலில் கொடுத்துவிட வேண்டியதுதான். அது தெரிந்தே வாங்கினால் தவறில்லை.

அளக்கும்போது அளவு நாடாவை நீங்களே பிடியுங்கள். குழந்தையின் முன்னால் இருக்கும் கம்பி, கப் மாட்டும் வளையம் இவற்றோடு அளந்தால் ஓர் எண் வரும், கழற்றி அளந்தால் வேறு எண் வரும். இணையதளத்தில் போடுவது பெரும்பாலும் கழற்றிய எண்.

4. கடையில் செய்யவேண்டிய சோதனை

முடிந்தால் குழந்தையோடு போங்கள். முடியாவிட்டால் குழந்தையின் எடைக்கு ஒரு பையை நிரப்பி எடுத்துப் போங்கள். விற்பனையாளர் மடித்துக் காட்டுவதை ஒரு முறை பாருங்கள், அப்புறம் வண்டியை வாங்கிக்கொண்டு அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு கையால் மடித்து, தூக்கி, மறுபடி விரியுங்கள். மூன்று முறை. முதல் முறை எல்லாருக்கும் தடுமாறும். மூன்றாவது முறையும் வண்டியைத் தரையில் சாய்த்து முழங்காலால் அழுத்த வேண்டியிருந்தால், அந்த வண்டி உங்களுக்கு இல்லை. மடித்தவுடன் தானே பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் கொக்கியை நாம் மாட்ட வேண்டும். அதை மறந்துவிட்டுத் தூக்கினால் பாதி வழியில் விரிந்து தொடையில் இடிக்கும். மடித்த நிலையில் தானாக நிற்கிறதா என்பதும் முக்கியம். கழிப்பறை வரிசையில், டிக்கெட் வரிசையில் அது தானே நின்றால் உங்களுக்கு ஒரு கை மிச்சம்.

அடுத்து தலைக்கு மேல் தூக்குங்கள். தாளில் 6 கிலோ என்று படிப்பதும், தலைக்கு மேல் இருக்கும் அலமாரியில் 6 கிலோவை ஏற்றுவதும் ஒன்றல்ல. நீங்கள் தனியாகப் பயணம் செய்பவர் என்றால் இந்த ஒரு சோதனையே பல வண்டிகளைக் கழித்துவிடும்.

சரி, இப்போது தள்ளிப் பாருங்கள். ஒரு கையால். இன்னொரு கையில் பெரியவன் இருப்பான், அல்லது பெட்டி இருக்கும். குடை மாதிரி இரண்டு தனிப் பிடிகள் உள்ள வண்டி ஒரு கைக்கு ஒரு பக்கமாக இழுக்கும், நடுவில் சேரும் ஒற்றைக் கம்பி உள்ளது நேராகப் போகும். நீங்கள் உயரம் என்றால் வேகமாக நடக்கும்போது கால் பின் அச்சில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். கடைக்குள் பொடிநடையாகத் தள்ளினால் இது தெரியாது, அகலமாக எட்டு வைத்துப் பாருங்கள்.

பிரேக் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. சில பிரேக்குகளை மேலிருந்து மிதித்துப் போட வேண்டும், பாதத்தின் மேல்பக்கத்தால் தூக்கி எடுக்க வேண்டும். ஷூ போட்டிருந்தால் தெரியாது. செருப்போடு ஒரு நாள் இருபது முறை எடுத்தால் கட்டைவிரலின் மேல் தோல் உரிந்துவிடும். எனக்கு உரிந்தது. மிதித்தால் போடவும், மறுபடி மிதித்தால் எடுக்கவும் முடிகிற பிரேக் உள்ளதாகப் பாருங்கள். கடைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டே போங்கள்.

வார்ப்பட்டை ஐந்து முனை உள்ளதாக இருக்க வேண்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால்களுக்கு நடுவில். இடுப்புக்கு மட்டும் உள்ளதை ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டே நிமிடத்தில் நழுவி ஏமாற்றிவிடும்.

மடிப்பு மூட்டுகளைத் தடவிப் பாருங்கள், குழந்தையின் விரல் போகும் இடைவெளி இருக்கிறதா என்று. 2009-இல் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் குடை ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைத்து, மூட்டுகளுக்கு மூடி கொடுத்தது. வண்டியை விரிக்கும்போது குழந்தைகளின் விரல்நுனி துண்டாகிப் போனதாக 12 புகார்கள் வந்திருந்தன. எந்த வண்டியாக இருந்தாலும் மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது. இடுப்பில் இருக்கலாம், பக்கத்தில் நின்று "நான் மடிக்கிறேன்" என்று உதவிக்கு வரக் கூடாது. நாலு வயதுக்காரன் வரத்தான் செய்வான்.

5. செலவு: விலைச்சீட்டில் இருப்பது முழு விலை அல்ல

மழைக்கவர், தூக்கும் பை, முன்கம்பி, கால் தாங்கி, கொசுவலை. இவற்றில் எது வண்டியோடு வருகிறது, எதற்குத் தனிக் காசு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில நல்ல வண்டிகளில் இதையெல்லாம் சேர்த்தால் விலை கால் பங்கு ஏறிவிடும். நான் கட்டாயம் என்று சொல்வது இரண்டுதான்: மழைக்கவர், தூக்கும் பை. வண்டி சரக்கறைக்குப் போனால் பைதான் துணியைக் காப்பாற்றும். அந்தப் பையைக்கூட அதே நிறுவனத்திடம் வாங்க வேண்டியதில்லை, அளவு சரியாக இருந்தால் எதுவும் போதும்.

என் கணக்கு எளிது. குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை எத்தனை பயணம் போவீர்கள் என்று நேர்மையாக எண்ணுங்கள். ஆசைப்படும் பயணம் அல்ல, போகப்போகும் பயணம். மொத்தச் செலவை அந்த எண்ணால் வகுங்கள். அதைப் போகும் ஊரில் வாடகைக்கு எடுத்தால் ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். வாடகையில் முன்பணம், கொண்டுவந்து தரும் கட்டணம் இரண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். ஒரே ஒரு பயணம், அதுவும் நேர் விமானம் என்றால் வாடகைதான் லாபம். விமான நிலையத்தில் மட்டும் கேரியரில் சமாளித்துவிடலாம்.

பழைய வண்டி வாங்குவது மோசமில்லை. இந்த வண்டிகளை இரண்டு வருடத்தில் எல்லாரும் விற்றுவிடுகிறார்கள், அதனால் நல்ல நிலையில் கிடைக்கும். சக்கரம் ஆடுகிறதா, பிரேக் சரிவில் பிடிக்கிறதா, மடிப்புப் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். சட்டத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள்.

6. கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்

இது அலுப்பான பகுதிதான். ஆனால் தகராறு வரும்போது பேசுவது காகிதம்தான்.

வண்டி வாங்கிய ரசீதும் உத்தரவாதச் சீட்டும், இரண்டின் படமும் போனில். கையேட்டில் மடித்த அளவு, எடை போட்டிருக்கும் பக்கம், அதுவும் படமாக. வாசலில் "இது எவ்வளவு?" என்று கேட்டால் காட்டலாம்.

விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிய பதில். தொலைபேசியில் ஒருவர் "கொண்டு வாங்க, பரவாயில்ல" என்றால் அதற்கு மதிப்பே இல்லை. இப்படிக் கேளுங்கள்: இந்த அளவு, இந்த எடை உள்ள ஸ்ட்ரோலரைக் கேபினுக்குள் எடுக்கலாமா? எடுத்தால் அது என் கைப்பைக் கணக்கில் சேருமா? வாசலில் கொடுத்தால் எங்கே திரும்பத் தருவீர்கள்? காரில் குழந்தைக்குப் போடும் இருக்கையும் இருந்தால் இரண்டும் இலவசமா? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். குழந்தைச் சாமான் ஒன்றுதான் இலவசம், இரண்டாவதற்குக் கட்டணம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

குழந்தையின் பயண ஆவணத்தோடு வயதுச் சான்றின் நகலும். இரண்டு வயதுக்குள் இருந்தால் பெரும்பாலும் மடியில் வைத்துப் போகலாம், இரண்டு முடிந்தால் தனி இருக்கை. பயணத்தின் நடுவில் இரண்டு வயது முடிந்தால் திரும்பும் டிக்கெட்டின் விதி மாறும், ஸ்ட்ரோலர் சலுகையும் சேர்ந்து மாறலாம். டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

7. எப்போது என்ன செய்வது

பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு: அளவுகளை ஒப்பிட்டு, மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வர நாளாகும்.

நான்கு வாரம் முன்பு: வண்டியை வாங்குங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் ஓட்டுங்கள், அட்டையைக் கிழிக்காமல் வைத்திருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் கெடு தாண்டிவிடக் கூடாது. வெளியே மண்ணில் ஓட்டிய சக்கரத்தைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். நான் இரண்டாவது வண்டியைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்பு வாங்கியதால்தான் காலுறை ஆபத்து எனக்குத் தெரியவில்லை. பழகியிருந்தால் மடிக்கும் முன் கூடையைத் துழாவும் பழக்கம் வந்திருக்கும்.

இரண்டு வாரம் முன்பு: குழந்தையை அதில் தூங்கப் பழக்குங்கள். புது வண்டியில் முதல் நாள் சில குழந்தைகள் உட்காரவே மறுக்கும். அந்த முதல் நாள் பயண நாளாக இருக்கக் கூடாது.

முந்தின நாள்: முன்கம்பி, கப் வளையம், தொங்கும் பொம்மை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வண்டியின் நாலு பக்கமும் படமெடுங்கள், சக்கரங்களைக் கிட்டத்தில். சட்டத்தில் பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டுங்கள். பையில் மட்டும் எழுதினால் பை தனியாகவும் வண்டி தனியாகவும் போகும்.

விமான நிலையத்தில்: வழக்கமாகப் போவதைவிட அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். செக்-இன் மேசையிலேயே "வாசல் வரை தள்ளிக்கொண்டு போகிறோம்" என்று சொல்லி டேக் கேளுங்கள். சில இடங்களில் மேசையில் தருவார்கள், சில இடங்களில் வாசலில். பாதுகாப்புச் சோதனையில் குழந்தையை எடுத்துவிட்டு வண்டியை மடித்து இயந்திரத்துக்குள் அனுப்பச் சொல்வார்கள். தூங்குகிறது என்று கெஞ்சியும் பயனில்லை. கேரியர் கையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்கும், வண்டி வந்து சேராத அந்த மூன்று மணி நேரத்துக்கும்தான்.

வெயிலுக்கு வண்டியில் மாட்டும் சின்ன மின்விசிறி வைத்திருந்தால், வாசலில் வண்டியைக் கொடுக்கும் முன் அதைக் கழற்றிக் கைப்பையில் போடுங்கள். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் சரக்கறைக்குப் போகக் கூடாது. கூடைக்குள் மறந்துவிட்டால் பெயரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள், அதுவரை எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது அந்த ஊழியரிடம் ஒரே கேள்வி: "இதை எங்கே வாங்கிக்கணும்? விமானக் கதவிலா, பெல்ட்டிலா?" விமானம் மாறுகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: "நடுவில் கைக்கு வருமா, கடைசி ஊருக்கே போயிடுமா?" டேக்கில் எந்த ஊர்க் குறியீடு அச்சிட்டிருக்கிறது என்று நீங்களும் பாருங்கள். அதில் கடைசி ஊர் இருந்தால் நடுவில் வராது. நான் அன்றைக்கு டேக்கைப் படிக்கவே இல்லை. கிழித்துத் தரும் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

8. போன இடத்தில்

பிடியில் கனமான பையைத் தொங்கவிடுவது எல்லாரும் செய்கிற தவறு. குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் சாயும், பையில் உள்ளதெல்லாம் தரையில். எடை குறைந்த வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கனத்தைக் கீழ்க்கூடையில் வையுங்கள், கூடை எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

வெயிலுக்காக வண்டி முழுவதையும் துணியால் மூடாதீர்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. கூரையை இழுத்துவிட்டு நிழலில் ஓட்டுவதுதான் வழி. எஸ்கலேட்டரில் வண்டியோடு ஏறாதீர்கள், லிஃப்டைத் தேடுங்கள். ரயிலிலும் பேருந்திலும் அவை போகும் திசைக்குக் குறுக்காக வண்டியை நிறுத்திப் பிரேக் போட்டு, ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

9. உடைந்து வந்தால்

சக்கரம் வளைந்தோ துணி கிழிந்தோ வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே சாமான் புகார் மேசைக்குப் போங்கள். பி.ஐ.ஆர். என்று ஓர் அறிக்கை எழுதி, எண் போட்டுத் தருவார்கள். குழந்தை அழும், எல்லாரும் களைத்திருப்பீர்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தோன்றினாலும் போய்விடாதீர்கள். முந்தின நாள் எடுத்த படங்கள் இங்கேதான் உதவும்.

நாடுகளுக்கு இடையே பறக்கும் பெரும்பாலான விமானங்களுக்கு 1999-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். அதன்படி, பதிவு செய்த சாமான் சேதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாள். மேசையில் வாங்கிய அறிக்கையோடு நிறுத்திவிடாமல், நிறுவனத்துக்கு நேராக மின்னஞ்சலும் அனுப்புங்கள்: அறிக்கை எண், டேக் துண்டு, ரசீது, முன்னும் பின்னும் எடுத்த படங்கள். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அது உச்சவரம்புதான், அவ்வளவும் கிடைக்கும் என்று இல்லை. வண்டி பழசு என்று கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

பேசும்போது, பழுது பார்க்க ஆகும் செலவுக்கு ஒரு கடையில் மதிப்பீடு எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்பினால் வேலை சீக்கிரம் முடிகிறது. எங்களுக்கு ஒரு முன்சக்கரத்துக்கு அப்படித்தான் பணம் வந்தது, ஐந்து வாரம் கழித்து. அதற்குள் மகள் வண்டியில் உட்கார மாட்டேன், நானே தள்ளுவேன் என்று ஆரம்பித்துவிட்டாள்.